மூடிய ஆலைப் பகுதிக்கு மறுவாழ்வு: அரசுப் பணமும் தனியார் பணமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காலத்தில் சங்குச் சத்தத்துக்கு விழித்த பகுதிகள் உலகமெங்கும் பூட்டிக் கிடக்கின்றன. கூரை ஒழுகுகிறது, புகைபோக்கியில் செடி முளைத்திருக்கிறது, உரிமையாளர் யார் என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட இடங்களை மீட்கும் பேச்சு வரும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் எழுகின்றன. அவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள் இங்கே. பணத்தைப் பற்றிய கேள்விகளுக்குத்தான் நீளமாகச் சொல்லியிருக்கிறேன். இந்தத் திட்டங்கள் பிழைப்பதும் சாவதும் அங்கேதான்.

பழைய தொழிற்பகுதி என்றால் எது? ஒரு மில் இருந்தால் போதுமா?

போதாது. தனி ஒரு ஆலையைக் காப்பாற்றுவது கட்டிட வேலை. பகுதியை மீட்பது நகர வேலை. ஆலை, கிடங்குகள், கொதிகலன் கூடம், சரக்கு ரயில் தடம், கால்வாய், தொழிலாளர் குடியிருப்பு, இவற்றை இணைத்த தெருக்கள் எல்லாம் சேர்ந்ததுதான் பகுதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியாள் உள்ளே வரக் கூடாது என்பதற்காகவே கட்டப்பட்ட இடம் தொழிற்சாலை. சுற்றிலும் மதில், ஒரே ஒரு வாசல், அதில் காவலாளி. ஊரின் நடுவில் இருந்தும் ஊரோடு ஒட்டாத தீவு. அதனால் பல திட்டங்களில் உருப்படியான முதல் வேலை மதிலை உடைத்துத் தெருவை ஊடே கொண்டுபோவதுதான். அந்த வேலை திறப்பு விழாப் புகைப்படங்களில் தெரியாது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் மலிவில்லையா?

சில சமயம் மலிவுதான். இல்லை என்று சாதிப்பவர்களை நம்பாதீர்கள். தூண்கள் அரித்து, தளம் தொங்கிப்போன கட்டிடத்தைத் தூக்கி நிறுத்துவது புதுக் கட்டிடத்தைவிடக் கூடுதலாகவே இழுக்கும்.

ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பழைய ஆலை இன்று யாரும் கட்டாத ஒன்று. இயந்திரங்களின் எடையையும் அதிர்வையும் தாங்கக் கட்டிய தளம், அலுவலகத்தையோ வகுப்பறையையோ வீட்டையோ சிரமமில்லாமல் தாங்கும். உயரமான கூரை, பெரிய ஜன்னல், ரம்பப் பல் போன்ற கூரையின் வழியாக நிழல் விழாமல் இறங்கும் வெளிச்சம். மின்விளக்கு வருவதற்கு முந்தைய தறிக்கூடத்துக்கு அந்த வெளிச்சம்தான் மூலதனம். இன்று அதே வெளிச்சத்துக்காக ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் வாடகை கொடுக்கிறார்கள்.

அப்புறம் வரிச் சட்டம். இடிப்பதா காப்பதா என்பதைப் பல நாடுகளில் பொறியாளர் முடிவு செய்வதில்லை, வரிதான் முடிவு செய்கிறது. பிரிட்டனில் புதிய வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். பழையதைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் பொதுவாக 20 சதவீதம். அமெரிக்காவில் 1976 வரை பழைய கட்டிடத்தை இடித்த செலவையே வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடிந்தது. அந்த ஆண்டு வந்த சட்டம் வரலாற்றுக் கட்டிடங்களுக்கு அந்தச் சலுகையை நிறுத்தி, புதுப்பிப்பவர்களுக்குச் சலுகை கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் அங்கே கணக்கு திரும்பியது.

லாபம் வரும் என்றால் தனியார் செய்யட்டும். வராது என்றால் விட்டுவிடலாம். அரசுப் பணம் எதற்கு?

நியாயமான கேள்வி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆலைக் கட்டிடத்தை வாங்கி, மண்ணைச் சுத்தம் செய்து, புதுப்பிக்க 100 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றுப்புறம் பாழாகக் கிடப்பதால் அங்கே கிடைக்கும் வாடகை குறைவு. அந்த வாடகையை வைத்துப் பார்த்தால் முடிந்த கட்டிடத்தின் மதிப்பு 70 ரூபாய்தான். வங்கி 100-க்குக் கடன் தராது. 70-இல் ஒரு பங்குக்குத்தான் தரும். ஆக, முதலாளி தன் கைக்காசை எவ்வளவு போட்டாலும் முதல் நாளே 30 ரூபாய் நஷ்டம். யாரும் வரமாட்டார்கள்.

யாரும் வராததால் சுற்றுப்புறம் இன்னும் பாழாகும். வாடகை இன்னும் இறங்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பத்துக் கட்டிடங்களைப் புதுப்பித்தால் எல்லோருக்கும் லாபம் வரக்கூடும். முதலில் இறங்குகிறவர் மட்டும் தோற்பார். அந்த முதல் ஆளின் 30 ரூபாய்ப் பள்ளத்தை நிரப்பத்தான் பொதுப்பணம். பகுதி எழுந்து வாடகை ஏறிவிட்டால் பள்ளம் தானே மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகும் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தால் அது தானம். எந்த இடத்தில் நிறுத்துவது என்று பல நகரங்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் நிறுத்த மனம் வருவதில்லை.

அரசு எந்தெந்த வழிகளில் பணம் போடுகிறது?

கையில் காசோலை கொடுப்பது ஒரு வழி மட்டும்தான், அதுவும் பெரிய வழி இல்லை.

வரிக் கழிவு முக்கியமானது. அமெரிக்காவில் தேசிய அளவில் பதிவான வரலாற்றுக் கட்டிடத்தைத் தரக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுப் புதுப்பித்து, வருமானம் தரும் வேலைக்குப் பயன்படுத்தினால், தகுதியான செலவில் 20 சதவீதத்தைக் கட்ட வேண்டிய வருமான வரியிலேயே நேராகக் கழித்துக்கொள்ளலாம். 1981-இல் இது 25 சதவீதமாக இருந்தது. 1986-இல் 20 ஆனது. 2017-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளில் பிரித்துத்தான் எடுக்க முடியும். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம், வேலை முடிந்து கட்டிடம் பயன்பாட்டுக்கு வந்த பிறகே சலுகை கிடைக்கும் என்பது. பாதியில் ஓடிப்போனால் எதுவும் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றுவிட்டால் வாங்கிய சலுகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

இன்னொரு வழி, வருங்கால வரி வருமானத்தை இன்றே கடனாக எடுப்பது. பகுதியைச் சுற்றி ஒரு கோடு போடுவார்கள். இன்றைய சொத்துவரி வருமானம் வழக்கம்போல நகரம், பள்ளிகள் என்று எல்லோருக்கும் போகும். இனிமேல் சொத்து மதிப்பு ஏறுவதால் வரும் கூடுதல் வரி மட்டும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குத் தனி உண்டியலில் விழும். அந்த உண்டியலைக் காட்டிக் கடன்பத்திரம் வெளியிட்டு இன்றைக்கே சாலை, சாக்கடை, பூங்கா எல்லாம் போட்டுவிடலாம். 1952-இல் கலிபோர்னியா தொடங்கி வைத்த முறை இது. கேட்க அழகாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், திட்டமே இல்லாமல் இருந்தாலும் சொத்து மதிப்பு கொஞ்சம் ஏறியிருக்கும். அந்த இயல்பான ஏற்றமும் உண்டியலுக்குள் போகும்; பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பணம் போகாது. தொடங்கி வைத்த கலிபோர்னியாவே, பட்ஜெட் நெருக்கடியில், இந்த முறையை நடத்திய மறுமேம்பாட்டு முகமைகளை 2012-இல் கலைத்துவிட்டது.

அப்புறம் நேரடிக் கட்டமைப்பு: ரயில் நிலையம், பாலம், வடிகால், பார்க்கிங். நிலத்தை அரசே வைத்துக்கொண்டு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவதும் உண்டு. மதிப்பு ஏறும்போது குத்தகையும் ஏறுமாறு எழுதிவிட்டால், போட்ட பணம் திரும்பி வரும் வழி அதில்தான் தெளிவு. அவசரத்தில் நிலத்தை விற்றுவிட்ட நகரங்கள் பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றன.

யார் முதலில் இறங்க வேண்டும்? அரசா, தனியாரா?

இதற்கு லண்டன் நல்ல பாடம். கிழக்கு லண்டனின் பழைய துறைமுகப் பகுதியை மீட்க 1981-இல் தனிக் கழகம் அமைத்தார்கள். வரிச்சலுகை மண்டலமும் வந்தது. கனரி வார்ஃபில் வானுயர்ந்த அலுவலகக் கோபுரம் எழுந்தது. ஆனால் அங்கே போய்ச் சேர ஒரு சிறிய ரயில் பாதைதான். 1992-இல் அதைக் கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனம் திவாலானது. சொத்துச் சந்தை விழுந்ததும் பெரிய காரணம்தான். ஆனால் வந்து சேர முடியாத அலுவலகத்துக்கு ஆள் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் அதில் இருக்கிறது. ஜூபிலி பாதாள ரயில் அங்கே வந்து சேர்ந்தது 1999-இல். இடம் நிமிர்ந்து நின்றது அதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் வேறு மாதிரி நடந்தது. அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்தின் சிகரெட் ஆலை 1987-இல் மூடியது. பத்து ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடந்தது. எதிரில் புதிய பேஸ்பால் மைதானம் 1995-இல் வந்தது. பிறகு உள்ளூர் ஒளிபரப்பு நிறுவனம் ஒன்று ஆலை வளாகத்தைக் கையில் எடுத்தது. நகரமும் மாவட்ட நிர்வாகமும் பார்க்கிங் கட்டிடங்களுக்குப் பணம் தந்தன. டியூக் பல்கலைக்கழகம் கட்டிடம் முடிவதற்கு முன்பே குத்தகைக்கு ஒப்புக்கொண்டது. அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் வங்கியை அசைக்க முடியும். 2004-இல் முதல் கட்டம் திறந்தது.

பார்க்கிங்கை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. ஆனால் அது இல்லாமல் குத்தகையாளர் வரமாட்டார், அதன் வருமானத்தை மட்டும் நம்பித் தனியாரும் கட்டமாட்டார். பொதுப்பணம் போக வேண்டிய இடம் இப்படிப்பட்டதுதான்: எல்லோருக்கும் தேவை, ஒருவருக்கும் லாபமில்லை.

ஆக, வரிசை முக்கியம். சாலை, போக்குவரத்து, மண் சுத்தம் முன்னால். அதோடு கூடவே, அசையாத ஒரு குத்தகையாளர். அந்தக் குத்தகையாளர் கல்வி நிலையமாக இருந்தால் இன்னும் நல்லது. லண்டன் கிங்ஸ் கிராஸ் சரக்கு ரயில் நிலத்தில் 1850-களின் தானியக் கிடங்குக்குள் 2011-இல் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி குடியேறியது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் தினமும் நடந்துபோகும் இடத்தைப் பாழிடம் என்று யாரும் சொல்ல முடியாது. அலுவலகங்களும் கடைகளும் பெரும்பாலும் பின்னால் வந்தவை.

மண்ணில் இருக்கும் நஞ்சை என்ன செய்வது?

எல்லோரையும் பயமுறுத்தும் கேள்வி இதுதான், பயப்படக் காரணமும் உண்டு. நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த இடத்தில் தார், பென்சீன். தோல் பதனிட்ட இடத்தில் குரோமியம். உலோகம் கழுவிய இடத்தில் நிலத்தடி நீருக்குள் இறங்கிப்போகும் கரைப்பான்கள். பழைய குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ், பழைய வண்ணப்பூச்சில் ஈயம். எந்தத் தொழில் நடந்தது என்று தெரிந்தால் எந்த நஞ்சு இருக்கும் என்று பாதி ஊகித்துவிடலாம். அதனால் பழைய வரைபடங்களைத் தேடுவது மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

தோண்டி எடுத்து வேறு இடத்தில் கொட்டுவது ஒரு தீர்வு. செலவும் அதிகம், இன்னொரு ஊருக்கு நஞ்சை அனுப்புவதும்தான். பல இடங்களில் மேலே களிமண்ணும் சுத்தமான மண்ணும் போட்டு மூடுகிறார்கள். கட்டிடத்துக்கு அடியில் ஆவி தடுக்கும் படலம் விரிக்கிறார்கள். மோசமான மூலையில் வீடு கட்டாமல் வாகன நிறுத்தமோ கிடங்கோ வைக்கிறார்கள்.

சியாட்டிலின் கேஸ் வொர்க்ஸ் பூங்கா பலருக்கும் தெரிந்த உதாரணம். 1956-இல் மூடிய எரிவாயு ஆலை. 1975-இல் பூங்காவாகத் திறந்தது. நிலவடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக் இயந்திரக் கோபுரங்களை அப்படியே விட்டுவிட்டு, மண்ணில் மக்கும் பொருட்களைக் கலந்து நுண்ணுயிர்களைக் கொண்டு நஞ்சைக் குறைக்கப் பார்த்தார். அருமையான யோசனை. ஆனாலும் கரையோரச் சேற்றில் மாசு மிச்சம் இருப்பதால் அங்கே ஏரியில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை. நஞ்சு திறப்பு விழாவோடு போய்விடுவதில்லை.

பணத்தைவிடப் பெரிய தடை பொறுப்பு. அமெரிக்காவில் 1980-இல் வந்த சட்டப்படி, மாசுபடுத்தியவர் யாராக இருந்தாலும், இன்றைய உரிமையாளரையும் சுத்தம் செய்யச் சொல்ல முடியும். நோக்கம் நல்லது, விளைவு, மூடிய ஆலை நிலத்தை வாங்கவே எல்லோரும் பயந்தார்கள். 2002-இல் திருத்தம் வந்தது: முன்கூட்டியே முறையாக ஆய்வு செய்து, தெரிந்துகொண்டு, தக்க எச்சரிக்கையோடு வாங்குபவருக்குப் பாதுகாப்பு. ஒரு ரூபாய் மானியம் தராமலேயே ஒரு நிலத்தை விற்பனைக்குத் தகுதியாக்க முடியும் என்பதற்கு இது சான்று.

கட்டிடத்துக்குள் என்னென்ன சிக்கல் வரும்?

முதல் சிக்கல் அகலம். ஆலைக் கட்டிடம் அகலமாக இருக்கும். நடுவில் வெளிச்சம் எட்டாது. இயந்திரத்துக்கு அது பரவாயில்லை, வீட்டுக்கு ஆகாது. நடுவில் முற்றம் போல வெட்டித் திறப்பார்கள். அப்படி வெட்டினால் வாடகைக்கு விடும் பரப்பு குறையும். வெட்டாவிட்டால் அந்தப் பரப்பை யாரும் எடுக்கமாட்டார்கள்.

அப்புறம் தீ. கனமான மர உத்தரம் மேலே கருகினாலும் உள்ளே உறுதி நிற்கும். வார்ப்பிரும்புத் தூண் அப்படி இல்லை. சூட்டில் இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கக்கூடும். படிக்கட்டு, லிஃப்ட், சக்கர நாற்காலிக்கான சாய்தளம் எல்லாம் பழைய வரைபடத்தில் இல்லாதவை.

செங்கல் சுவரில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. பழைய செங்கல்லுக்கு இடையில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து; மிருதுவானது, ஈரத்தை வெளியே விடும். அது உதிர்ந்த இடத்தில் 'வலுவாக இருக்கட்டும்' என்று சிமென்டைப் பூசிவிடுகிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லின் வழியே வரும்; சில ஆண்டுகளில் செங்கல்லின் முகமே உரிந்து விழும். காப்பாற்றுகிறேன் என்று செய்த வேலை நூறு வருடச் சுவரைக் கெடுத்துவிடும். மலிவான ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுப்பதன் செலவு இப்படித்தான் பிறகு வருகிறது.

அருங்காட்சியகம் ஆக்கிவிட்டால் போதாதா?

ஒரு கட்டிடத்துக்கு, சரி. பகுதி முழுவதற்கும் போதாது. டிக்கெட் காசில் அத்தனை கூரைகளைப் பராமரிக்க முடியாது.

ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் உள்ள சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கத்தைப் பாருங்கள். 1986-இல் மூடியது. மாநில அரசு நிலத்தை வாங்கியது. 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நிலக்கரி கழுவிய கட்டிடத்தில் 2010-இல் ரூர் அருங்காட்சியகம் வந்தது. ஆனால் கொதிகலன் கூடத்தில் வடிவமைப்பு மையம், மற்ற இடங்களில் அலுவலகங்கள், கல்வி, நிகழ்ச்சி அரங்குகள். பொதுப்பணம் தாராளமாக இறங்கிய இடம் அது. எல்லா நாட்டுக்கும் அந்தப் பை கிடையாது.

அருகே டியூஸ்பர்க் நகரம் இன்னும் சிக்கனமாக யோசித்தது. 1985-இல் மூடிய இரும்பாலையை இடிக்காமல், மெருகேற்றாமல், பீட்டர் லாட்ஸ் பூங்கா ஆக்கினார். தாது கொட்டி வைத்த சுவர்களில் மலையேறப் பழகுகிறார்கள். எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். ஊதுலையின் உச்சிக்கு ஏறி ஊரைப் பார்க்கிறார்கள். துரு துருவாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் பளபளப்பாக்க வேண்டியதில்லை என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த இடம்தான்.

ஒரு பெரிய நிறுவனம் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

மாசசூசெட்ஸின் லோவல் நகரம் துணி மில்களால் வாழ்ந்து மில்களால் சரிந்த ஊர். 1978-இல் அதன் கால்வாய்களையும் மில்களையும் சேர்த்துத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவித்தார்கள். அதே காலத்தில் வாங் கணினி நிறுவனம் தலைமையகத்தை அங்கே கொண்டுவந்தது. ஊர் பிழைத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. 1992-இல் வாங் திவால். ஏறத்தாழ 6 கோடி டாலரில் எழும்பிய அதன் கோபுரங்கள் 1994-இல் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போயின.

ஊர் முழுவதுமாகச் சாகவில்லை. கால்வாய், பூங்கா, பல்கலைக்கழகம், மில்களில் வந்த வீடுகள் என்று மெதுவாகக் கட்டியவை நின்றன. மில்லை நம்பிக் கெட்ட ஊர், மில்லுக்குப் பதிலாக ஒரே ஒரு கணினி நிறுவனத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தனியார் மட்டுமே செய்த இடங்கள் இல்லையா?

உண்டு. இங்கிலாந்தின் சால்ட்டெய்ரில் 1986-இல் மூடிய பிரம்மாண்டமான மில்லை மறு ஆண்டே ஜொனதன் சில்வர் என்ற தொழிலதிபர் வாங்கினார். முதலில் ஓவியக்கூடம், பிறகு கடைகள், அலுவலகங்கள் என்று ஒவ்வொன்றாக வைத்தார். டொரான்டோவின் குடர்ஹாம் அண்ட் வொர்ட்ஸ் மதுவடிப்பாலை 1990-இல் மூடி, 2003-இல் நடைவீதிகளோடு திறந்தது. சங்கிலித் தொடர் கடைகளுக்கு இடமில்லை என்ற கொள்கையோடு தொடங்கினார்கள்.

இரண்டிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. கட்டிடங்கள் நல்ல நிலையில் இருந்தன, இடம் முழுவதும் ஒரே கையில் இருந்தது. நாற்பது உரிமையாளர்கள், பாதி வழக்கில் என்றால் தனியார் ஆர்வம் முதல் வக்கீல் கட்டணத்தோடு நின்றுவிடும்.

ஏற்கெனவே அங்கே இருக்கும் பட்டறைக்காரர்கள், குடியிருப்பவர்கள் என்ன ஆவார்கள்?

'காலியான பகுதி' என்று அறிக்கைகள் சொல்லும் இடம் உண்மையில் காலியாக இருப்பது அபூர்வம். மெக்கானிக், தச்சர், அச்சகக்காரர், ஓவியர், வாடகை குறைவு என்பதால் வந்து தங்கிய குடும்பம். பகுதிக்கு 'கலைஞர்கள் வாழும் இடம்' என்ற பெயரை வாங்கித் தருபவர்களும் இவர்கள்தான். வாடகை ஏறியதும் முதலில் கிளம்புபவர்களும் இவர்கள்தான்.

பார்சலோனாவின் போப்ளெனோ பகுதியில் 2000-இல் 22@ என்ற திட்டம் வந்தது. தொழில் நிலம் மட்டுமே என்று இருந்த ஏறக்குறைய 200 ஹெக்டேரில், நில உரிமையாளர் கூடுதல் பரப்பு கட்டிக்கொள்ளலாம். பதிலுக்கு நிலத்தில் ஒரு பங்கைப் பசுமை, மலிவு வீடு, பொதுப் பயன்பாடு ஆகியவற்றுக்கு நகரத்திடம் கொடுத்துவிட வேண்டும். நேர்த்தியான ஒப்பந்தம்தான். ஆனாலும் கான் ரிகார்ட் என்ற பழைய ஆலை வளாகத்தில் இயங்கிவந்த பட்டறைகளும் கலைஞர்களும் வெளியேற்றப்பட்டபோது ஊரே போராடியது. அதன் பிறகுதான் அந்தப் பகுதியின் தொழில் பாரம்பரியக் கட்டிடங்களுக்குப் பாதுகாப்புப் பட்டியல் பெரிதாக விரிந்தது. கட்டிடம் தப்பித்தது. போன பட்டறைகள் திரும்பவில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்கிறேன். நியூயார்க்கின் புரூக்ளின் கடற்படைத் தளம் 1966-இல் மூடியது. சுமார் 300 ஏக்கர் நிலத்தை நகரம் கையில் வைத்துக்கொண்டு, லாப நோக்கமற்ற கழகம் மூலம் வாடகைக்கு விடுகிறது. சொகுசு வீடு கட்டினால் பணம் கொட்டும் இடம், அங்கே கட்டவில்லை. மரவேலை, உலோக வேலை, படப்பிடிப்புத் தளம், உணவு தயாரிப்பு என்று உற்பத்தி நடக்கிறது. தொழிற்பகுதியைத் தொழிற்பகுதியாகவே மீட்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

வக்கீல்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் எழுதியதை யார் எப்போது மாற்றலாம் என்பதையும் எழுதுங்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்பேன். காரணம், மும்பை.

1982-இல் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மும்பை துணி மில்கள் ஒவ்வொன்றாக முடங்கின. நகரத்தின் நடுவே சுமார் 600 ஏக்கர் மில் நிலம். 1991-இல் ஒரு விதி வந்தது: நிலத்தை மறுமேம்பாடு செய்தால் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதி மில் முதலாளிக்கு. கேட்பதற்கு எளிமையான, நியாயமான விதி. 2001-இல் அதில் ஒரு திருத்தம் செய்தார்கள்: மூன்றாகப் பிரிக்க வேண்டியது மொத்த நிலத்தை இல்லை, கட்டிடம் எதுவும் இல்லாமல் காலியாக இருக்கும் நிலத்தை மட்டும். மில் நிலத்தில் பெரும்பகுதி கூடங்களால் நிறைந்தது, காலியிடம் கொஞ்சம். ஒரு சொல் மாற்றத்தில் நகரத்துக்கு வர வேண்டிய பங்கு சுருங்கிப்போனது. வழக்கு நடந்தது. 2005-இல் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் சொன்னது. 2006-இல் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. கோபுரங்களும் வணிக வளாகங்களும் எழுந்தன. பூங்கா வர வேண்டிய அளவுக்கு வரவில்லை.

மற்றபடி, பார்க்க வேண்டியவை சில. பணம் வேலை முடிந்த கட்டத்துக்கு ஏற்பப் பிரிந்து போகிறதா? வாக்குறுதி தந்த வேலைவாய்ப்பு வராவிட்டால் திரும்பப் பெற வழி உண்டா? லாபம் எதிர்பார்த்ததைத் தாண்டினால் நகரத்துக்குப் பங்கு உண்டா? மலிவு வாடகை எத்தனை ஆண்டுக்கு? பத்து ஆண்டு என்றால் பத்தாவது ஆண்டில் அத்தனை பேரும் ஒரே நாளில் வெளியே.

எத்தனை ஆண்டுகள் ஆகும்?

கிங்ஸ் கிராஸ் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது 2006. நிலக்கரிக் கிடங்குகள் கடைவீதியாகத் திறந்தது 2018. அதற்கு முன்னால் பேச்சுவார்த்தைக்கே பல ஆண்டுகள். இருபது ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேர்தலுக்குள் முடித்துக் காட்டுகிறேன் என்பவர் ஒரு கட்டிடத்தைத்தான் சொல்கிறார்.

வெற்றி பெற்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலீட்டுத் தொகையை வைத்து அளக்காதீர்கள். அது போட்டது எவ்வளவு என்றுதான் சொல்லும். 'ஒரு ரூபாய் அரசுப் பணம் ஐந்து ரூபாய் தனியார் பணத்தை இழுத்தது' என்ற கணக்கையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அந்த ஐந்து ரூபாய் அரசு வராவிட்டாலும் வந்திருக்குமா என்பதை அது சொல்லாது.

நான் பார்ப்பது சின்ன விஷயங்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அங்கே ஆள் நடமாட்டம் இருக்கிறதா? தரைத்தளத்தில் எத்தனை கதவுகள் பூட்டியிருக்கின்றன? திட்டம் தொடங்கும் முன் அங்கே தொழில் நடத்தியவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? மூன்றாவது கட்டிடத்தை மானியம் இல்லாமல் யாராவது புதுப்பித்தார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், முன்னே சொன்ன 30 ரூபாய்ப் பள்ளம் மூடிவிட்டது.

எங்கள் பகுதியிலும் ஆலை ஒன்று மூடிக் கிடக்கிறது. பணமும் இல்லை, திட்டமும் இல்லை. இப்போது என்ன செய்யலாம்?

கூரை. முதலில் கூரை. ஒழுகும் கூரையின் கீழ் எந்தக் கட்டிடமும் அதிக நாள் தாங்காது. தகரமோ தார்ப்பாயோ போட்டு மூடுங்கள், மழைநீர்க் குழாய்களின் அடைப்பை எடுங்கள், உடைந்த ஜன்னல்களைக் காற்றுப் போகிற மாதிரி பலகையால் அடையுங்கள். முழுப் புதுப்பிப்புக்கு ஆகும் செலவில் இது மிகச் சிறிய பங்கு; ஆனால் பத்து ஆண்டு அவகாசத்தை வாங்கித் தரும்.

அடுத்து, யாருக்குச் சொந்தம், என்ன வழக்கு, எவ்வளவு வரி பாக்கி என்று பதிவு அலுவலகத்தில் தேடி எழுதிவையுங்கள். வரைபடங்கள் இருந்தால் நகல் எடுங்கள். அங்கே வேலை செய்த வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தத் தொட்டியில் எதை ஊற்றினார்கள், கழிவு எந்தப் பக்கம் போனது, எந்தத் தளம் எப்போது இறங்கியது என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். மண் பரிசோதகர் எங்கே துளை போட வேண்டும் என்பதை அந்த நடையை வைத்தே குறித்துக்கொள்ளலாம்.